563 நானோமீட்டரும் ஒரு பழைய சந்தேகமும்

கன்னி விண்மீன் தொகுதியில் 3சி 273 என்று பட்டியலிடப்பட்ட ஒரு குவாசார் இருக்கிறது. குவாசார் என்பது தொலைதூர விண்மீன் திரள் ஒன்றின் பேரொளி வீசும் மையம். அதன் பொலிவு எண் 13-ஐ ஒட்டியது என்பதால் எட்டு அங்குலத் தொலைநோக்கியிலேயே பார்த்துவிடலாம். ஆனால் பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. சுற்றிலும் உள்ள விண்மீன்களைப் போலவே ஒரு மங்கலான புள்ளி. வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடாவிட்டால் எது குவாசார், எது விண்மீன் என்றே தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் நிலவில்லாத ஓர் இரவில், மில்லிமீட்டருக்கு நூறு கோடுகள் கொண்ட சிறிய கீற்றணி ஒன்றைக் கேமராவின் முன் திருகி, அந்தப் புள்ளியின் ஒளியை ஒரு கோடாக விரித்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் படம் படமாகச் சேகரித்தேன். எல்லாவற்றையும் அடுக்கிச் சேர்த்தபோது சாம்பல் நிறப் பட்டை ஒன்று கிடைத்தது. அதில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வெளிச்சம் சற்றே திரண்டிருந்தது.

அதே இரவில் பிடித்த ஒரு வெள்ளை விண்மீனின் ஹைட்ரஜன் கோடுகளை அளவுகோலாக வைத்து அந்தத் திரட்சிகளின் இடத்தைக் கணக்கிட்டேன். ஆய்வுக்கூடத்தில் 486 நானோமீட்டரில் இருக்கவேண்டிய ஹைட்ரஜன் கோடு 563-ஐ ஒட்டி நின்றது. 656-இல் இருக்கவேண்டிய சிவப்புக் கோடு 760 வரை தள்ளிப்போயிருந்தது. அது நம் வளிமண்டலத்து ஆக்சிஜன் ஒளியை விழுங்கும் இடமாக இருப்பதால் அந்தத் திரட்சியின் நடுவில் யாரோ கடித்து எடுத்தது போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. 563-ஐ 486-ஆல் வகுத்தால் 1.158. அதாவது செம்பெயர்ச்சி, ஒளியின் அலைநீளம் சிவப்புப் பக்கம் நீண்டிருக்கும் அளவு, ஏறக்குறைய 0.16. மார்ட்டன் ஷ்மிட் 1963-இல் பாலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த நிறமாலையிலிருந்து முதன்முதலாகக் கண்டுகொண்ட அதே எண்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த அளவீட்டை நான் செய்யப் புறப்பட்டதே வேறொரு நோக்கத்தில்தான். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளாக, செம்பெயர்ச்சி தொலைவைக் காட்டுவதில்லை, பேரண்டம் விரிவடையவில்லை, பெருவெடிப்பு என்பது தொழில்முறை வானியலாளர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு விட்ட ஒரு கதை என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். குறைந்தது ஒரு குவாசாரையாவது என் கையால் அளந்து பார்த்துவிட்டுப் பேசவேண்டும் என்ற எண்ணத்தில்தான் கீற்றணி வாங்கினேன். அளந்து முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. 0.16 என்ற எண்ணில் யாருக்கும் சண்டையே இல்லை. பெருவெடிப்பை ஏற்பவர் அந்த எண்ணைப் பார்த்து, குவாசார் ஏறக்குறைய 240 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது என்பார். ஒளி வழியில் களைத்துப்போகிறது என்பவர் அதே எண்ணைப் பார்த்து, இவ்வளவு தூரம் வந்ததில் இவ்வளவு ஆற்றல் இழந்திருக்கிறது என்பார். குவாசார் பக்கத்தில்தான் இருக்கிறது, அதிலுள்ள பருப்பொருளே வேறு மாதிரியானது என்பவரும் 0.16-ஐ மறுக்கமாட்டார். நிறமாலையில் எண் இருந்தது. காரணம் அதன் அருகே எழுதப்பட்டிருக்கவில்லை. நான்கு ஆண்டுகள் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்த இடமே தவறு என்பது அப்போதுதான் விளங்கியது.

என்னைப் போன்ற அமெச்சூர் வானியலாளர்கள் பலருக்கு இந்தச் சந்தேகத்தை ஊட்டியவர் ஹால்டன் ஆர்ப். அவர் அமெச்சூர் அல்லர். பாலோமரில் பணியாற்றிய தேர்ந்த வானியலாளர். 1966-இல் அவர் வெளியிட்ட விசித்திர விண்மீன் திரள்களின் படத்தொகுப்பில் உள்ள 338 உருப்படிகளில் பாதியையாவது தம் கருவியில் படம்பிடித்துவிட வேண்டும் என்று இன்றும் வானப் புகைப்படக்காரர்கள் முயல்கிறார்கள். குறைந்த செம்பெயர்ச்சி கொண்ட திரள்களுக்கு அருகே அதிகச் செம்பெயர்ச்சி கொண்ட குவாசார்கள் தற்செயலாக அமைந்திருக்க முடியாது, அவை அந்தத் திரள்களிலிருந்து வெளியேறியவை என்று அவர் வாதிட்டார். 1980-களில் அவருக்குத் தொலைநோக்கி நேரம் மறுக்கப்பட்டு, அவர் ஜெர்மனியிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்குச் சென்றார். 2013-இல் மறையும் வரை தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஒதுக்கப்பட்ட மனிதர், கையில் தொலைநோக்கிப் படங்கள், எதிரே ஒட்டுமொத்தத் துறை. இரவெல்லாம் தனியாக நின்று வானத்தைப் பார்ப்பவனுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

ஆர்ப் காட்டிய சான்றுகளில் மிகவும் பேர்பெற்றது என்ஜிசி 4319 என்ற சுருள் திரளும், அதையொட்டித் தெரியும் மார்க்கேரியன் 205 என்ற குவாசார் போன்ற பொருளும். முதலாவது நொடிக்கு ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் வேகத்துக்கு உரிய செம்பெயர்ச்சி கொண்டது. இரண்டாவது 21,000 கிலோமீட்டருக்கு உரியது. வழக்கமான கணக்கின்படி ஒன்று 8 கோடி ஒளியாண்டுத் தொலைவிலும் மற்றொன்று 100 கோடி ஒளியாண்டுத் தொலைவிலும் இருக்கின்றன. ஆனால் ஆர்ப்பின் படத்தில் இரண்டையும் இணைக்கும் ஒளிப்பாலம் ஒன்று தெரிந்தது. பாலம் இருந்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கவேண்டும்?

அந்தப் பாலத்தை நானும் பிடித்தேன். மூன்று இரவுகளின் படங்களை அடுக்கி, மங்கலான பகுதிகளின் மாறுபாட்டை உயர்த்திக்கொண்டே போனபோது, திரளின் ஓரத்திலிருந்து மார்க்கேரியன் 205 வரை ஒரு மெல்லிய ஒளிக்கழுத்து நீண்டது. அன்று நான் தூங்கவில்லை. மறுநாள் காலையில் படத்தைப் பார்த்த ஓர் அனுபவசாலி எதுவும் வாதிடாமல் ஒரே ஒரு வேலை சொன்னார்: வேறொரு திரளின் ஓரத்தில் தற்செயலாக விழுந்திருக்கும் சாதாரண விண்மீன் ஒன்றைத் தேடி, அதே அளவுக்கு மாறுபாட்டை உயர்த்திப் பார்க்கும்படி. அப்படிப்பட்ட விண்மீன்களுக்குப் பஞ்சமில்லை. நம் பால்வழிக்குச் சொந்தமான விண்மீன்கள் எந்தத் திரளின் படத்திலும் முன்னால் சிதறிக் கிடக்கும். மூன்று திரள்களை எடுத்துப் பார்த்தேன். அவற்றில் இரண்டில் அச்சு அசலாக அதே ஒளிக்கழுத்து. சில ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் விண்மீனுக்கும் கோடிக்கணக்கான ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் திரளுக்கும் இடையே பாலம் இருக்கமுடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. விண்மீனின் ஒளி லென்சிலும் காற்றிலும் சிதறி ஏற்படுத்தும் மங்கல் வட்டமும், திரளின் வெளிப்புற மங்கலும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் இரண்டின் வெளிச்சமும் கூடுகிறது. மாறுபாட்டை உயர்த்தினால் அந்தக் கூடுதல் ஒரு கழுத்தாக எழுந்து நிற்கிறது. என் பாலம் அப்படி எழுந்ததுதான்.

இதைவிட அழுத்தமான சான்று 1990-களின் தொடக்கத்திலேயே ஹபிள் தொலைநோக்கியிலிருந்து வந்துவிட்டது. மார்க்கேரியன் 205-இன் புறஊதா நிறமாலையில், என்ஜிசி 4319-இன் செம்பெயர்ச்சிக்குப் பொருந்தும் இடத்தில் மக்னீசியத்தின் உறிஞ்சு கோடுகள் காணப்பட்டன. குவாசாரின் ஒளி அந்தத் திரளின் வாயுவின் ஊடாக நுழைந்து நம்மை அடைகிறது என்பதே அதன் பொருள். ஆக அது பின்னால் இருக்கிறது. எவ்வளவு பின்னால் என்பதை அந்தக் கோடு சொல்லாது என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரளுக்கு ஓரடி பின்னால் இருந்தாலும் அதே கோடு விழும். ஆனால் பாலத்தின் மேல் கட்டிய வாதத்தில் பாலமே போய்விட்டது என்றால் மீதியிருப்பது, வானத்தில் இரண்டும் அருகருகே தெரிகின்றன என்பது மட்டும்தான். தரையில் கொட்டிய மணிகளில் நான்கு நேர்க்கோட்டில் கிடப்பதைக் கண்டுபிடித்த பிறகு, அந்த நான்கும் அப்படி விழுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டால் விடை எப்போதும் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியதாகத்தான் வரும். ஆர்ப்பின் நிகழ்தகவுக் கணக்குகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அமெச்சூர்கள் கேள்வி கேட்கவே கூடாது என்று நான் மாறிவிட்டதாக யாரும் நினைக்கவேண்டாம். துறையை நிமிரவைத்த அமெச்சூர் ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையை முதலில் எழுத நினைத்தேன். அவர் பெயர் க்ரோட் ரீபர். பால்வழியின் நடுப்பகுதியிலிருந்து வானொலி அலைகள் வருகின்றன என்று கார்ல் ஜான்ஸ்கி 1930-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்ததை வானியலாளர்கள் ஏறக்குறையக் கண்டுகொள்ளவில்லை. சிகாகோவில் வானொலிப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்த ரீபர், 1937-இல் இல்லினாய் மாநிலத்தின் வீட்டன் ஊரில் தம் வீட்டுத் தோட்டத்தில், தம் சொந்தப் பணத்தில், ஏறக்குறைய ஒன்பதரை மீட்டர் விட்டமுள்ள உலோகக் கிண்ணம் ஒன்றைக் கட்டி நிறுத்தினார். உலகில் வானொலி வானியலுக்கென்றே கட்டப்பட்ட முதல் கிண்ண ஆன்டெனா அதுதான். பகலில் சாலையில் போகும் கார்களின் தீப்பொறி இரைச்சல் பதிவைக் கெடுக்கும் என்பதால் இரவில் அளந்தார். காலையில் வேலைக்குப் போனார்.

அவர் முதலில் தேடியது 3,300 மெகாஹெர்ட்ஸில். காரணம் இருந்தது. வெப்பத்தால் வரும் கதிர்வீச்சாக இருந்தால் அதிர்வெண் ஏற ஏற வலுவும் ஏறவேண்டும் என்பது அன்றைய பாடநூல் கணக்கு. ஒன்றும் கிடைக்கவில்லை. 900 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினார், அங்கும் ஒன்றுமில்லை. 160 மெகாஹெர்ட்ஸில் பால்வழி கேட்டது. கணக்கு தலைகீழாக இருந்தது. அதிர்வெண் குறையக் குறைய வலு கூடியது. ரீபர் இதை 1940-இல் வானியற்பியல் ஆய்விதழில் வெளியிட்டார், 1944-இல் வானொலி வானத்தின் வரைபடத்தையும் கொடுத்தார். ஒளியின் வேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழலும்போது எழும் கதிர்வீச்சு அது என்ற விளக்கம் வந்து சேர 1950 ஆகிவிட்டது. வீட்டுத் தோட்டத்தில் எடுத்த ஓர் அளவீடு நின்றது. கோட்பாடு அதைத் தேடி வந்தது.

அதே ரீபர்தான் பிற்காலத்தில் டாஸ்மேனியாவுக்குக் குடியேறி, 2002-இல் இறக்கும் வரை பெருவெடிப்பை ஒப்புக்கொள்ளாமல் இருந்தார். எல்லையில்லாத, தொடக்கமில்லாத, நிலையான பேரண்டம் என்பதே அவருடைய முடிவு. செம்பெயர்ச்சிக்குக் காரணம் திரள்களுக்கு இடையிலுள்ள பொருளில் ஒளி படிப்படியாக ஆற்றலை இழப்பது என்றார். ஏறக்குறைய இதே மாதிரியான யோசனையை வானியலாளர் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி 1929-இலேயே முன்வைத்திருந்தார். அவ்வளவு கூர்மையான மனிதர் இதில் ஏன் வழுக்கினார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். முதல் விஷயத்தில் அவரிடம் மூன்று அதிர்வெண்களும் அவற்றில் வந்த, வராத சைகைகளும் இருந்தன. இரண்டாவதில் அவரிடம் இருந்தது ஒரு விளக்கம் மட்டுமே. அந்த விளக்கத்தை உடைக்கக்கூடிய சோதனை எது என்று அவர் தேடியதாகத் தெரியவில்லை.

அந்தச் சோதனை இருக்கிறது. ஒளி வழியில் களைக்கிறது என்றால் அதன் நிறம் மாறலாம். ஆனால் தொலைவில் நடக்கும் ஒரு நிகழ்ச்சி நமக்கு மெதுவாக நடப்பது போலத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. இடமே விரிகிறது என்றால் நிறம் மாறும் அதே விகிதத்தில் காலமும் நீண்டு தெரியவேண்டும். ஒன்று-ஏ வகைச் சூப்பர்நோவாக்கள் என்ற விண்மீன் வெடிப்புகள் வெளிச்சம் கூடி மங்குவது ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் நடப்பதால் அவை நல்ல கடிகாரங்கள். செம்பெயர்ச்சி 1 ஆக இருக்கும் சூப்பர்நோவா மங்குவதற்குப் பக்கத்துச் சூப்பர்நோவாவைப் போல இரண்டு மடங்கு நாள் எடுத்துக்கொள்கிறது. இருண்ட ஆற்றல் கணக்கெடுப்பு என்ற வான் ஆய்வுத் திட்டத்தில் பதிவான 1,500-க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களை வைத்து 2024-இல் செய்த ஆய்விலும் விரிவுக்கு எதிர்பார்க்கப்படும் விகிதமே வந்தது. களைத்த ஒளியை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்க வழியில்லை. வானமெங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சு, 2.725 கெல்வின் என்ற ஒரே வெப்பநிலைக்குரிய பிசிறில்லாத கரும்பொருள் நிறமாலையாக இருப்பதும் அதற்கு இன்னொரு முட்டுக்கட்டை; ஒளி வழியில் களைத்திருந்தால் அந்த வடிவம் கலைந்திருக்கும். பேரண்டத்தின் வயது 2,670 கோடி ஆண்டுகள் என்று 2023-இல் நாளிதழ்களில் அடிபட்ட கருத்தை முன்வைத்த ராஜேந்திர குப்தாவும்கூட, களைத்த ஒளியைத் தனியாக நிறுத்தாமல் விரிவோடு கலந்தே பயன்படுத்தியிருக்கிறார். நண்பர்கள் அந்தச் செய்தியை மட்டும் எனக்கு அனுப்பிவிட்டு, "பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தார்கள்.

கண் ஏமாற்றும் என்பதற்கு என் பாலத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2007-இல் தொடங்கிய கேலக்ஸி ஜூ திட்டத்தில், ஸ்லோன் வானக் கணக்கெடுப்பின் ஏறக்குறைய ஒன்பது லட்சம் திரள்களின் படங்களைப் பொதுமக்கள் பார்த்து வகைப்படுத்தினார்கள். சுருள் வலமாகச் சுழல்கிறதா இடமாகச் சுழல்கிறதா என்பதும் அவற்றில் ஒரு கேள்வி. முடிவுகளில் இடச்சுழல்கள் அதிகமாக இருந்தன. உண்மையாக இருந்தால் பேரண்டத்துக்கே ஒரு சுழல்திசை உண்டு என்றாகிவிடும். எல்லாத் திசைகளும் சமம் என்ற அடித்தளக் கொள்கையே ஆட்டம் கண்டுவிடும். திட்டக்குழுவினர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பகுதிப் படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, யாருக்கும் தெரியாமல் அதே மக்களிடம் கொடுத்தார்கள். வானத்தில்தான் சாய்வு என்றால் இப்போது வலச்சுழல் அதிகமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை, திருப்பிய படங்களிலும் இடச்சுழலே முன்னால் நின்றது. சாய்வு மனிதர்களின் பார்வையில் இருந்தது. அதே திட்டத்தில்தான், ஹன்னி வான் ஆர்க்கல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஐசி 2497 திரளின் கீழே ஒட்டிக்கொண்டிருந்த விசித்திரமான ஒளித்திட்டு என்ன என்று கேட்டார்; அணைந்துபோன ஒரு குவாசாரின் ஒளி பட்டு இன்னமும் ஒளிர்ந்துகொண்டிருக்கும் வாயுத்திட்டு என்பது பின்னால் தெரியவந்தது. அவர் எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை. இது என்ன என்று மட்டும் கேட்டார்.

இருண்ட பொருளுக்கு வருகிறேன். அமெச்சூர்கள் கூடும் இடங்களில் அதிகம் அடிபடுவது இதுதான்: "கணக்கு ஒத்துவரவில்லை என்றதும் கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கொண்டுவந்து நிரப்பிவிட்டார்கள்." இந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. 1933-இல் ஸ்விக்கி கோமா திரள்கொத்தில் திரள்களின் வேகத்தைப் பார்த்துச் சொன்னபோதும், 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆந்திரமேடாவின் வெளிப்புறம் எதிர்பார்த்த அளவுக்கு வேகம் குறையாமல் சுழல்வதை அளந்தபோதும் கண்டது ஒரு குறையைத்தான்: கண்ணுக்குத் தெரியும் நிறை அந்த வேகங்களுக்குப் போதவில்லை. அந்தக் குறைக்கு நாம் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் காணாத பொருளைக் கணக்கில் சேர்ப்பது ஏமாற்று வேலை என்றால் நெப்டியூனும் ஏமாற்று வேலைதான். யுரேனஸின் தடுமாற்றத்திலிருந்து வானியலாளர் லெ வெரியே கணக்கிட்ட இடத்துக்கு ஒரு பாகைக்குள் 1846-இல் அது கிடைத்தது. அதே லெ வெரியே புதனின் தடுமாற்றத்துக்கும் ஒரு கோளைக் கணக்கில் சேர்த்தார். வல்கன் என்று பெயரும் விழுந்தது. 1859-இல் லெஸ்கார்போ என்ற நாட்டுப்புற மருத்துவர், ஓர் அமெச்சூர், அது சூரியனைக் கடப்பதைத் தம் தொலைநோக்கியில் பார்த்ததாக அறிவித்தார். அப்படி ஒரு கோளே இல்லை. புதனின் பாதையில் நூற்றாண்டுக்கு 43 கோண விகலை அளவில் மிஞ்சிய அந்தத் தடுமாற்றத்தை 1915-இல் பொதுச் சார்பியல் தீர்த்துவைத்தது. ஒரு முறை பொருள் ஒளிந்திருந்தது, மறுமுறை விதியே மாறவேண்டியிருந்தது. எது எப்போது என்பதை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் எதுவும் கிடையாது.

விதியை மாற்றிப்பார்க்கும் வேலையைத் தொழில்முறை ஆட்களே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மோர்தெஹாய் மில்க்ரோம் 1983-இல் முன்வைத்த ஈர்ப்பு விதித் திருத்தம், ஒரே ஒரு முடுக்க எண்ணை வைத்துக்கொண்டு ஏராளமான சுருள் திரள்களின் சுழற்சியை வியக்கத்தக்க விதத்தில் சரியாகச் சொல்கிறது. 175 திரள்களின் சுழற்சி அளவீடுகள் ஸ்பார்க் என்ற தொகுப்பில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி கிடைக்கின்றன. சொந்தச் சூத்திரம் வைத்திருக்கும் அமெச்சூர் இன்றிரவே பொருத்திப் பார்க்கலாம், பலர் பார்க்கவும் செய்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. இரண்டு கொத்துகள் மோதிய புல்லட் திரள்கொத்தில் வாயு நடுவில் தங்கிவிட, பின்னாலிருந்து வரும் ஒளியை வளைக்கும் ஈர்ப்பு வில்லை காட்டும் நிறை இருபுறமும் விலகி நிற்பதை 2006-இல் காட்டினார்கள். சுழற்சிக்குப் பொருந்திய சூத்திரம் இங்கேயும் பொருந்தவேண்டுமே! பேரண்டம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலியோ, பக்கத்துச் சூப்பர்நோவாக்களை வைத்து அளந்தால் 73-ஐயும் நுண்ணலைப் பின்புலத்திலிருந்து கணக்கிட்டால் 67-ஐயும் ஒட்டி வந்து பல ஆண்டுகளாகத் துறையைத் தூங்கவிடாமல் செய்கிறது. பேரண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் மாறிலிதானா என்பதையே டெசி என்ற விண்மீன் திரள் கணக்கெடுப்பின் முடிவுகள் 2024-இலிருந்து கேள்விக்குள்ளாக்கியிருக்கின்றன. மைய நீரோட்ட அறிவியல் தன்னைக் கேள்வி கேட்பதில்லை என்று இன்னமும் சொல்பவர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய எதிரியோடு சிலம்பம் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார்; ஓய்வுபெற்ற மின்பொறியாளர், என்னைவிட இருபது வயது மூத்தவர். விண்மீன் திரள்களைச் சுழற்றுவது ஈர்ப்பல்ல, மின்னோட்டமும் காந்தப்புலமும்தான் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். இதற்கும் மரியாதைக்குரிய மூதாதை உண்டு. 1970-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஹான்னஸ் ஆல்வேன் பேரண்டத்தில் பிளாஸ்மாவின் பங்கைக் கடைசிவரை வலியுறுத்தியவர். நண்பரின் நோட்டில் படங்கள் அழகாக இருந்தன. எண் ஒன்றுகூட இல்லை.

"தம்பி, நீங்களும் பாடப்புத்தகத்துப் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள்" என்று வருத்தப்பட்டார்.

"சாயவில்லை ஐயா. காந்தப்புலம் மின்னூட்டம் உள்ளதைத்தானே வளைக்கும்? சூரியனை வளைக்கவேண்டும் என்றால் அதில் எவ்வளவு மின்னூட்டம் இருக்கவேண்டும் என்று மட்டும் போட்டுப் பாருங்கள்" என்றேன்.

பால்வழியின் காந்தப்புலம் சில மைக்ரோகாஸ் அளவு. பூமியின் புலத்தில் லட்சத்தில் ஒரு பங்கு. சூரியன் நொடிக்கு ஏறக்குறைய 220 கிலோமீட்டர் வேகத்தில் பால்வழியைச் சுற்றுகிறது. சூரியனின் நிறையையும் சுற்றுப்பாதையின் ஆரத்தையும் சேர்த்தால் தேவையான எண்கள் இவ்வளவுதான். அவருடைய தொழிலில் தினமும் போட்ட கணக்கைவிட இது எளிது. இரண்டு வாரம் பேச்சில்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பிறகு ஒரு மாலை வரைபடத்தாள் ஒன்றோடு வந்தார். சூரியனின் சுற்றுப்பாதைக்கு வேண்டிய இழுவிசையில் பாதியை மட்டும் காந்தப்புலத்துக்கு ஒதுக்கிக் கணக்குப் போட்டிருந்தார். விடை பத்தின் 24-ஆம் அடுக்கு கூலூமை ஒட்டி வந்திருந்தது. அதோடு நிறுத்தவில்லை, அவ்வளவு மின்னூட்டம் சூரியனுக்குள் இருந்தால் அது தன்னைத்தானே எவ்வளவு விலக்கும் என்றும் போட்டிருந்தார். சூரியனைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஈர்ப்பைப் போல ஏறக்குறைய பத்துக் கோடி மடங்கு. அந்த வரியின் கீழே பென்சிலால் இரண்டு கோடு இழுத்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் "சூரியன் வெடித்துவிடும்" என்று எழுதியிருந்தார்.

நான் எதுவும் சொல்லவில்லை. அவரே தாளைத் திருப்பினார். மறுபக்கத்தில் புதிய கேள்வி ஒன்று சிவப்பு மையில் இருந்தது: "விண்மீன்களை விட்டுவிடுவோம். வெளி ஓரத்தில் சுழற்சியை அளப்பது பெரும்பாலும் வாயுவைப் பார்த்துத்தானே? வாயுவை மட்டும் காந்தப்புலம் பிடித்திருந்தால்?" இதே கேள்வியை ஸ்பெயின் வானியலாளர்கள் சிலர் 1992-இல் நேச்சர் இதழிலேயே எழுப்பியிருந்தார்கள் என்று சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. பிறகு, அப்படியானால் ஒரே தொலைவில் உள்ள விண்மீன்களும் வாயுவும் வேறு வேறு வேகத்தில் சுழலவேண்டுமே, இரண்டையும் தனித்தனியாக அளந்த திரள்கள் எவை என்று கேட்டார். அந்தப் பட்டியலைத்தான் இந்த வாரம் இருவரும் சேர்ந்து திரட்டிக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஆறு திரள்கள் சேர்ந்திருக்கின்றன.